யாரும் பேசாத ஒரு நிமிடம்

சாப்பாட்டு மேஜையில் கரோலின் போன் கிடந்தது. கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மின்விசிறி நின்றபின் மந்தைவெளியின் மே மாதம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தோசைக்கல்லில் காய்ந்த எண்ணெய் வாசனை, பக்கத்து வீட்டுத் தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம், அதைத் தவிர ஒன்றுமில்லை. ஜெஃப்ரி தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வாய் திறக்கவில்லை. ஆனாலும் போனில், பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலியின் வெள்ளைப் பட்டையில், ஒரு சொல் எழுந்து நின்றது.

கதவு

அவன் அதை விரலால் தள்ளி அழித்தான். குளியலறையிலிருந்து தலையைத் துவட்டியபடி வந்த அக்கா கரோல், அவன் விரலைப் பார்த்துவிட்டாள்.

“யாரு பேசுனாங்க?”

அவள் குரல் அவளுக்கே கேட்காது. அதனால் எப்போதும் கொஞ்சம் உரக்க, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். இருபத்திரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் அவள் இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போனது. இந்தச் செயலி வந்தபின் மீன் மார்க்கெட், வங்கி, ஆஸ்பத்திரி எல்லா இடத்துக்கும் தனியாகவே போகிறாள். போனை எதிராளியின் முகத்துக்கு நேராக நீட்டுவாள். என் காது இதுதான், பேசுங்க என்பாள்.

யாரும் பேசவில்லை என்று ஜெஃப்ரி கையாட்டினான்.

அந்தக் காதைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். அதைச் செய்த கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றவன் அவன். இரண்டு வருடம் கால் சென்டர் ராத்திரி ஷிஃப்டில் அமெரிக்கக் கிழவர்களின் பிரின்டருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, ஒருநாள் பாதி அழைப்பில் எழுந்து வந்தவன், பிறகு தி.நகரில் இயந்திரத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். சத்தமே இல்லாத இடத்தில் இந்த இயந்திரங்கள் வார்த்தைகளைக் கற்பனை செய்து எழுதும். அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளே இருக்கின்றன. மெத்தப் படித்தவர்கள் அதற்கு மாயத்தோற்றம் என்று பேர் வைத்துவிட்டு, பேர் வைத்ததே வைத்தியம் என்பதுபோல அடுத்த மாநாட்டுக்குப் போய்விட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பேச்சையே தின்று வளர்ந்த ஜந்துவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம் என்று அவன் நினைத்தான். கல்யாணங்களில் அவனுடைய மாமாக்களும் அப்படித்தான்.

மறுநாள் காலை, கரோல் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சமையல் மேடையில் கிடந்த போன் மறுபடி எழுதியது.

கதவத் தொற

இந்த முறை அழிக்க அவன் கை உடனே நீளவில்லை.

அலுவலகம் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில். பாச்சை உருண்டை வாசனை படிக்கட்டெல்லாம் ஏறி வரும். அங்கே இருபது பேர் பக்கம் பக்கமாக வாக்கியங்கள் படித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். அனுப்பும் ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தம் வேண்டும் என்பது மேலிடத்து விதி. ஆள் பேசாத அறை எப்படி இருக்கும் என்று இயந்திரம் தெரிந்துகொள்ள வேண்டுமாம். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு நிமிட அமைதி கேட்டவன் எந்தக் குளிர்நாட்டில் உட்கார்ந்திருந்தானோ. எல்லாருடைய பதிவுகளும் திரும்பி வந்தன. கடைசியில் ஜெஃப்ரி, போன வருடம் மே மாத மதியம் ஒன்றில், வீட்டில் ஒரே ஒரு நிமிடம் சுத்தமாகப் பதிவு செய்து கொண்டுவந்தான். அலுவலகமே அதை வாங்கித் தன் பதிவுகளின் தலையில் ஒட்டிக்கொண்டது. நாலாயிரம் பதிவுகள், நாலாயிரத்துக்கும் ஒரே அறை. கூடவே ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும்: யாரும் பேசவில்லை. நாலாயிரம் டிக்.

மேலிடத்தில் எவனும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க அவர்கள் காதால் கேட்டிருக்க வேண்டும்.

அவன் போய் நின்றபோது நதீம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். அலுவலகத்துக்கு அவன்தான் மேற்பார்வை. செயலியைப் பற்றி வரும் புகார்கள் எல்லாம் அவன் கணினிக்கு வரும்.

“வா மச்சி. பேய் லிஸ்ட் பாக்குறியா? செம காமெடியா கீது.”

இந்த மாதம் மட்டும் முப்பத்தொரு புகார். பெசன்ட் நகரில் பல் டாக்டர் வரவேற்பறை, அடையாறில் ஒரு நூலகம், பாண்டி பஜாரில் துணி போட்டுப் பார்க்கும் அறை, தூங்கும் குழந்தையின் தொட்டில். எல்லாம் யாரும் பேசாத நேரங்கள். எல்லாவற்றிலும் செயலி ஓரிரு சொல் எழுதியிருந்தது. நதீம் அதைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தான்.

கதவு. கதவத் தொற. விழுந்துட்டேன். தரை சுடுது. தண்ணி. கதவத் தொற. நேற்று மாலை அடையாறில்: ஜெஃப்ரி.

“உன் பேருகூட வருது பாரு. ஃபேமஸ் ஆயிட்ட நைனா.”

கரோலின் போன் பட்டியலில் பின்தங்கியிருந்தது. இன்று காலைதான் அது இரண்டாவது சொல்லுக்கு வந்திருந்தது. ஜெஃப்ரி தன் ஒரு நிமிடத்தை எல்லாப் பதிவிலிருந்தும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். நதீம் எலும்பை உறிஞ்சியபடி அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். சாம்பார் கொதித்து இறக்கிப் பந்தியும் போட்டாயிற்று, இப்போது வந்து உப்பைத் திருப்பிக் கேட்கிறாயே என்றான். பிறகு, அந்த நிமிடத்தில் அப்படி என்ன இருந்தது என்று சும்மா கேட்டு வைத்தான்.

ஒன்றுமில்லை என்றான் ஜெஃப்ரி.

போன வருடம் அந்த மதியம் ஆறு தடவை பதிவு கெட்டிருந்தது. மீன்காரரின் ஹாரன், பறக்கும் ரயில், குக்கர், மாடியில் யாரோ நகர்த்திய நாற்காலி, இரண்டு முறை அப்பா. பவுல்சாமி முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியார். பக்கவாதம் வந்தபின் பாதி நாக்கோடு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார். தண்ணி, திரும்பணும், மணி என்ன. கரோலுக்குக் கேட்காது. கேட்கிற காது வீட்டில் ஒரு ஜோடிதான், அதை ஜெஃப்ரி ஒரு தண்டனையாகத்தான் வைத்திருந்தான். அப்பாவின் அறைக் கதவைச் சாத்தினான். மின்விசிறிகளை நிறுத்தினான். ஜன்னல்களில் மெத்தையைச் சாய்த்தான். ஏழாவது முறை பதிவை ஓடவிட்டான்.

இருபது விநாடி தாண்டியதும் கதவுக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. பிறகு சுரண்டும் சத்தம். அவன் வெறுங்காலோடு, மூச்சை அடக்கிக்கொண்டு, கதவுவரை போய் நின்றான். பேசினால் பதிவு கெடும். திறந்தால் கெடும். மிச்சம் முப்பது விநாடிதான். தரை மட்டத்திலிருந்து ஒரு குரல் மெல்ல ஏதோ சொன்னது. அவன் நின்றான். சுரண்டல் நின்றது. நிம்மதியாக இருந்தது.

அடியில் கேட்ட சத்தத்தை ஒரு பட்டனில் வடிகட்டி, பதிவை அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனான். நாலு மணிக்கு எழுந்தபோது கதவு முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே கிடந்தது தடுத்தது. கரோல் வேலையிலிருந்து வருவதற்குள் அதைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, போர்வை மூடி, தலையணையைச் சரி செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். சர்ச்சிலிருந்து வந்த பங்கு மக்கள் நல்ல சாவு என்றார்கள். அவர்களுக்கு எல்லாச் சாவும் நல்ல சாவுதான், காபி கிடைத்தால் சரி.

அவன் ஒரு தடவை கேட்டுவிட்டு நகர்ந்தான். இயந்திரம் நாலாயிரம் தடவை கேட்டிருந்தது.

கரோலுக்குத் தெரியக் கூடாது. இந்த உலகத்தில் அவன் வெறுக்காத ஒரே ஆள் அவள். அவனைத் திருப்பி வெறுக்காத ஆளும் அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் அவள் சந்தோஷமாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை டாடியின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. சர்ச்சில் பாட்டு வரிகள் காட்டும் இரண்டு டிவியிலும் அவள் போனை இணைத்துக்கொள்ளப் பங்குச் சாமியார் ஒத்துக்கொண்டாராம். காது மந்தமான பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் முன்வரிசைக்கு இடம் சொல்லிவிட்டார்களாம்.

அவன் போனுக்கு நேராகக் குனிந்து, இது கண்டதையும் எழுதும், ஊர் சிரிக்கும் என்று சொன்னான். அவள் படித்தாள்.

“எழுதட்டும்டா. டாடி அடக்கத்தன்னிக்கு சாமியார் இன்னா சொன்னாருனு எனக்கு ஒரு வார்த்த தெரியாது. எல்லார் வாயும் அசைஞ்சுகினு இருந்துச்சு. நான் செருப்ப பாத்துகினு நின்னேன்.” பிறகு, போனை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்து, “அன்னிக்கு டாடி ஒருவாட்டி கூட கூப்டலியா?”

“தூக்கத்துல போனாருனு எத்தினி வாட்டி சொல்றது.”

செயலி அதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியது. கரோல் படித்துத் தலையாட்டினாள். எழுதியிருந்தால் அவள் நம்புவாள்.

மிச்சமிருந்த மூன்று நாளும் அவன் வீட்டில் டிவியை அலறவிட்டான். போன் மேஜைக்கு வந்தால் தானாக ஏதாவது பேசினான். சாமியாரைப் பார்த்து, திருப்பலியில் நற்கருணை கொடுத்தபின் மௌனம் எல்லாம் வேண்டாம், கரோல் அழுதுவிடுவாள் என்றான். சாமியார் அவன் தோளைத் தட்டினார். தோளைத் தட்டுகிறவர்கள் எதையும் காதில் வாங்குவதில்லை.

ஞாயிறு காலை. கோயில் நிறைந்திருந்தது. சாம்பிராணி, மல்லிகை, வியர்வை, புது வார்னிஷ் அடித்த பெஞ்சு. பக்கக் கதவுகள் திறந்து கிடக்க, வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. டிவிகளில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது: வாசகம், பிரசங்கம், பாட்டு, இருமல் வந்த இடத்தில் ஒரு புள்ளி. கரோல் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள். அவள் முகத்தை இவ்வளவு வெளிச்சமாக அவன் பார்த்து வெகுநாளாகியிருந்தது. போன் பாடகர் குழுவின் மைக்குக்கு அருகே, ஒரு ஸ்டாண்டில் நின்றது.

நற்கருணை முடிந்தது. பாட்டு முடிந்தது. சாமியார் மைக்கருகே வந்தார்.

நம் சகோதரர் பவுல்சாமிக்காக, ஒரு நிமிடம்.

மின்விசிறிகள்கூட மெதுவாகச் சுற்றியதுபோல இருந்தது. திரை வெறுமையாக இருந்தது. ஐந்து விநாடி. பத்து. 

ஜெஃப்ரி

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். குடும்பத்தார் பெயரை வாசிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

கதவுக்கு அடியில

அவனுக்கு அடுத்தது என்ன என்று தெரியும்.

உன் காலு தெரியுது

ஜெஃப்ரி எழுந்து நின்றான். அவன் வாய் தானாகத் திறந்து, சின்ன வயதிலிருந்து எலும்பில் ஏறியிருந்த ஜெபமாலையின் அருள் நிறைந்த ஜெபத்தை, மரியாளை வாழ்த்தும் முதல் பாதியை, சத்தமாகச் சொன்னது. திரை அவன் சொற்களை எழுதிற்று. முதல் பாதியை ஒருவர் சொன்னால் இரண்டாம் பாதியைச் சபை சொல்லும், அதுதான் வழக்கம். சபை சொன்னது. யோசிக்காமல், நானூறு வாய். திரை நிரம்பியது.

அவர்கள் முடித்ததற்கும் அவன் தொடங்குவதற்கும் இடையே ஒரு மூச்சு.

நிக்கிற

அவன் தொடங்கினான். வேகமாக. சபை பதில் சொன்னது. கொஞ்சம் குறைவாக.

கேக்குது இல்ல

மறுபடி. பதில் சொன்ன குரல்கள் பத்தோ பன்னிரண்டோ. மற்றவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். சாமியாரும் திரும்பித் திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

நாலாவது முறை யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு பாதியையும் அவனே சொன்னான். மூச்சு விடாமல். ஒரு நிமிடம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். அவன் பதிவு செய்த நிமிடமும் இந்த இடத்தோடு முடிந்திருக்க வேண்டும். இதற்குப் பிறகு அவன் எதையும் கேட்டதில்லை. இதற்குப் பிறகு நாலு மணிவரை அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்று எவனுக்கும் தெரியாது. எந்தக் கருவியும் ஓடவில்லை.

நெஞ்சு எரிந்தது. சொற்கள் உடைந்தன. நிறுத்தவில்லை.

கரோல் எழுந்தாள். அவளுக்கு ஜெபம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது, தம்பியின் அசையும் வாயும், அந்த வாய் அசையும்போதெல்லாம் திரையில் வந்து மறைத்துக்கொள்ளும் வரிகளும்தான். அவள் கோபப்படவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், கையை நீட்டி, அவன் வாயைப் பொத்தினாள். மெதுவாக. அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல.

“ஷ்.”

கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் இருமவில்லை. திரை வெறுமையாக நின்றது. அவள் உள்ளங்கையில் சோப்பு வாசனை.

பிறகு டாடி எழுதத் தொடங்கினார், முழு வாக்கியங்களில்.