இருமிய கொலைகாரன்

போன் அடித்தது.

அழகுமலை எடுத்தான். பேச முடியவில்லை. இருமினான்.

"இருமி முடி. லைன்லதான் இருக்கேன்," என்றார் ராம்கி. ஒத்தக்கடையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட். பொறுமைசாலி. கொலை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அவசரக்காரர்.

"சொல்லுங்கண்ணே."

"விளாங்குடியில பேயாண்டின்னு ஒருத்தன். நாளைக்கு அவன் தல்லாகுளத்து விசாரணைக்கு வரக் கூடாது... எங்கயுமே வரக் கூடாது."

"செஞ்சுட்டா...?"

"உன் நெஞ்சு வைத்தியம் முழுக்க என் செலவு. ஏசி ரூம்."

அழகுமலைக்கு மூச்சு பாதியில் நிற்க ஆரம்பித்துப் பல மாதமாகிறது. பாவம், ஒப்புக்கொண்டான்.

மத்தியானம். விளாங்குடி.

பேயாண்டி கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வாடகை ஆக்சிஜன் சிலிண்டர். பழைய கம்பெனி மேல் போட்ட கேஸ் ஜெயித்தால் சிகிச்சை. தோற்றால் சிலிண்டரும் போய்விடும்.

பின்னால் அழகுமலை. அரிவாள் உயர்ந்தது...

இருமல் வந்தது!

அரிவாள் தரையில் விழுந்தது. அழகுமலையும் விழுந்தான்.

பேயாண்டி திரும்பினான். அலறவில்லை. அலற மூச்சு வேண்டுமே.

"எந்திரிச்சு குனிஞ்சு உக்காரு. முழங்கால்ல கையை ஊனு. மூச்சு வரும்."

வந்தது.

"எங்க வேலை பாத்த?"

"வளைகுடாவுல... கல்லு அறுக்குற கம்பெனி."

"நீலக் கேட்டு போட்டிருக்குமே, அதுவா?"

"ஆமா. ஒங்களுக்கு எப்படி...?"

"நானும் அங்கதான். மாஸ்க்கு குடுத்தாய்ங்களா?"

"இல்ல. ஆனா எனக்குப் பீடியாலதான் வந்துச்சுன்னு, அங்க வேலைக்கு அனுப்புன ராம்கி அண்ணே சொன்னாரு."

"பீடி குடிப்பியா?"

"பழக்கமில்ல."

பேயாண்டிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். பரிதாபம் வந்தது.

மனைவி முத்துச்செல்வி கடையிலிருந்து திரும்பினாள். அரிவாளைப் பார்த்தாள். விளக்குமாற்றை எடுத்தாள்.

"பொறு புள்ள," என்றான் பேயாண்டி. "போன தடவ கம்பெனி வக்கீல் என்ன கேட்டாரு?"

"தூசியால வந்த நோயின்னா ஒங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு, அதே கம்பெனியில இன்னொரு நோயாளியக் காட்டுங்கன்னாரு. நம்ம வக்கீலம்மாவும் தேடாத இடமில்ல. ராம்கிக்குப் பயந்துக்கிட்டு ஒருத்தரும் வரல."

"இவனும் அதே கம்பெனிதான்."

அழகுமலை மறுபடி இருமினான். முத்துச்செல்வி உற்றுக் கேட்டாள். விளக்குமாறு கீழே இறங்கியது.

"காப்பி குடிக்கிறியா தம்பி?"

அழகுமலை தயங்கினான்.

"எனக்கும் வைத்தியச் செலவு கெடைக்குமாண்ணே?"

"வேலையால வந்த நோய்க்கு அது நம்ம உரிமைப்பா. யாரையும் வெட்டாமலே கேக்கலாம்."

மறுநாள். தல்லாகுளம் விசாரணை அறை.

ராம்கி துக்க முகத்தைத் தயாராக வைத்திருந்தார். பேயாண்டி உள்ளே வந்தான். துக்கம் நிஜமானது.

அழகுமலை சாட்சி சொன்னான். கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார்.

"இது ஏற்பாடு பண்ணுன சாட்சி! பேயாண்டி வீட்டுக்கு உன்னை அனுப்புனது யாரு? தைரியமாச் சொல்லு!"

"ஒங்க பக்கத்துல உக்காந்திருக்காரே, ராம்கி அண்ணே. அவருதான்."

வக்கீல் மெதுவாகத் திரும்பினார். ராம்கி கூரையைப் பார்த்தார்.

"எ... எதுக்கு அனுப்புனாரு?"

"பேயாண்டி அண்ணன வெட்டத்தான் சார். போறதுக்கு ஆட்டோ காசும் குடுத்தாரு. திரும்பி வந்த ஆட்டோ காசத்தான் இன்னும் தரல... அவரு ஜெயிலுக்குப் போறதுக்குள்ள கொஞ்சம் வாங்கிக் குடுங்க."