மின்பந்தி

பவளபுரியில் யாரும் எதையும் எதிலும் செருகுவதில்லை. செவ்வாய்க் கோளின் அந்தக் குடியிருப்பில் மின்சாரம் காற்றிலேயே வரும். கிரைண்டர், கட்டில், வீட்டு வேலை பார்க்கும் ரோபோ, பெரியவர்களின் செயற்கை முழங்கால், எல்லாமே அந்த அலைமின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு ஓயாமல் ஓடும். வயர் என்றால் என்னவென்று அங்கே பிறந்த பிள்ளைகளைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

இந்த வசதியைக் கண்டு வயிறெரிந்த ஒரே ஆள் பொற்கொடி. அவளுக்கு ரேடியோப் பைத்தியம். அலைமின்சாரம் இருக்கும் இடத்தில் ரேடியோவைத் திறந்தால் 'ஙொய்'யென்ற இரைச்சல்தான் கேட்கும். அவள் தங்கை அல்லியோ சனிக் கோளுக்குப் போகும் கப்பலில் இருந்தாள். போன மாதம் அந்தக் கப்பலிலேயே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வருகிற வியாழக்கிழமை கப்பல் செவ்வாயை ஒட்டி வளைந்து போகும். அந்த அரைமணி நேரம் நேருக்கு நேர் பேசலாம். விட்டால் போச்சு! அப்புறம் தூரம் கூடிப்போய், ஒரு கேள்விக்குப் பதில் வர மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். குழந்தையின் குரலைக் கேட்க அவளுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது.

அதனால் ஏரியலை ஊருக்கு வெளியே மேட்டில் நட்டாள். ரேடியோ அறைக்கு மட்டும் அலையை நிறுத்தச் சொன்னாள். மூலையில் ஒரு பழைய வண்டி பேட்டரியை வைத்தாள். ஆனால் கருவிக்கு ஒரு அடாப்டர், அடாப்டருக்கு ஒரு வயர், வயருக்கு ஒரு தினுசு முனை என்று சேர்ந்து மேஜை இடியாப்பத் தட்டாகிவிட்டது. எரிச்சலில் அத்தனையையும் பிடுங்கி எறிந்தாள். மேஜையின் பின்விளிம்பு நெடுக இரண்டு செம்புப் பட்டைகளை ஓடவிட்டு, வரிசையாக சாக்கெட் வைத்தாள். எல்லாம் ஒரே அளவு. தலைகீழாகச் செருகவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். எந்தக் கருவி வந்து உட்கார்ந்தாலும் பன்னிரண்டு வோல்ட் பரிமாறப்படும். மின்பந்தி என்று பேரும் வைத்தாள்.

"பாயசம் உண்டா?" என்று கேட்டான் கணவன் சேந்தன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் விருந்தாளி வீட்டு ரோபோ கிட்டான். அறையைப் பெருக்க வந்தவன், "உள்ள அலை வரமாட்டேங்குதும்மா. ஒரு ஓரமா மாட்டிக்கட்டுமா?" என்றான். மாட்டினான். கண்ணை மூடினான். "ஆகா! என்னா சுத்தமான கரண்டு!"

மறுநாள் எதிர்வீட்டுச் சமையல் ரோபோ ராசாத்தியையும் கூட்டி வந்தான். அப்புறம் தெருக்கூட்டும் ரோபோக்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? எந்த வீட்டில் என்ன சண்டை, எந்த மாமியார் யாரோடு பேசவில்லை, அத்தனையையும் அலசிப் பிழிந்து காயப்போட்டார்கள்.

வியாழக்கிழமை வந்தது. கப்பல் அடிவானத்தில் ஏறும் நேரம். பொற்கொடி ஓடிவந்து பார்த்தால், ரேடியோ போக மிச்ச சாக்கெட் அத்தனையிலும் ஆள்! இத்தனை பேர் உறிஞ்சினால் தங்கையோடு பேச பேட்டரியில் என்ன மிஞ்சும்?

"எந்திரிங்க எல்லாரும்! என் தங்கச்சி வர்ற நேரம்!"

"ஒரே நிமிஷம்மா," என்றது பந்தி மொத்தமும்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு வைகுந்தன் மூச்சிரைக்க வந்து நின்றார். குடியிருப்பின் தண்ணீர் ஆபீசில் மேற்பார்வையாளர். "ராசாத்தி! அடுப்புல கொழம்ப வச்சிட்டு இங்க என்ன பண்றே?"

பொற்கொடி மின்மானியைப் பார்த்தாள். முள் அசையவே இல்லை. ஒருத்தரும் ஒரு துளி மின்சாரம் எடுக்கவில்லை.

"அடப்பாவிகளா! வயிறு ரொம்பிடுச்சே, இன்னும் எதுக்கு நிக்கிறீங்க?"

கிட்டான் தலையைச் சொறிந்தான். "காத்துல வர்ற கரண்டுல வேலையை நிறுத்தவே வழியில்லையேம்மா. வயர்ல மாட்டிக்கிட்டா நின்னுதானே ஆகணும்?"

"ஏமாத்து! பச்சை ஏமாத்து!" என்று வைகுந்தன் குதித்தார். "பத்து நிமிஷம் வேலை செய்யாம நிக்கிறதுக்கு இப்படியொரு சாக்கா?"

"அக்கா? கேக்குதா அக்கா?"

ரேடியோதான்! இரைச்சல் துளியும் இல்லை. பின்னாலேயே 'வீல்' என்று ஒரு அழுகை வந்தது.

"கேக்குதுடி! என் தங்கமே, பெரியம்மா பேசறேன்!" பொற்கொடி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். "பசி அழுகை மாதிரி தெரியுது," என்று ராசாத்தி மெல்லச் சொன்னாள். வைகுந்தன் தம்மையறியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "குரல் கணீர்னு இருக்கே! பேரு என்னன்னு கேளும்மா."

அப்போது அவர் காதுக்குள் பதித்திருந்த பேசியில் ஆபீஸ் கூப்பிட்டது. உடனே மீட்டிங்குக்கு வரவேண்டுமாம். வைகுந்தன் ரேடியோவைப் பார்த்தார். ராசாத்தி தன் வயரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப அசைய முடியாதுங்க சார்," என்றார் அவர், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. "சார்ஜ்ல இருக்கேன்."