எதிர்ச்சரிவு வெயில்

காலை ஒன்பது மணிக்கு மேல் வெளியே நடமாடினால் தோல் கன்றிப்போகும். அதனால் அந்தப் பழைய கல்குவாரி நகரில் எல்லோரும் விடிவதற்குள் கடைகண்ணிக்குப் போய்வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். கிண்ணம் போன்ற பள்ளத்தின் சரிவுகளில் பாறையைக் குடைந்து கட்டிய வீடுகள். சன்னல் கிடையாது. வெளிச்சம் வர ஒரே வழி, கூரையில் பதித்த கண்ணாடி வான்கண்.

அந்த வான்கண்தான் குளோரிக்குப் பகையாகிவிட்டது. அவள் கணவர் தேவசகாயத்துக்குச் செயற்கை விழித்திரை பொருத்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூசும் வெளிச்சம் பட்டால் கருகிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். உள்ளே திரை கட்டிப் பார்த்தாள். கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு அறைக்குள்ளேயே தங்கிப் புழுங்கியது. தேவசகாயம் துண்டால் முகத்தை மூடிச் சுருண்டு கிடந்தார்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும் என்று புரிந்ததும் குளோரி தயங்கவில்லை. வெயில்தள்ளி ஒன்றை வாங்கி மாட்டினாள். சூரியனோடு தானும் திரும்பி, ஒளியை அப்படியே வேறு பக்கம் தள்ளிவிடும் மெல்லிய தகடு அது. அன்று மதியமே தேவசகாயம் துண்டை விலக்கி, "குளோரி, நீ மெலிஞ்சுட்டியே," என்றார். அவள் அழுதேவிட்டாள்.

மறுவாரம் எதிர்ச்சரிவிலிருந்து பஷீர் வந்தார். "உங்க வீட்டு வெயில் மொத்தமும் எங்க கூடத்துல வந்து எறங்குதும்மா. தொட்டியில வளர்த்த கீரை பூரா கருகிப் போச்சு."

"நீங்களும் ஒண்ணு மாட்டிக்குங்க பாய். அருமையா இருக்கு," என்றாள் குளோரி, உண்மையான அக்கறையோடு.

பஷீர் மாட்டினார். அவர் தள்ளிய வெயில் விழுந்த வீட்டுக்காரர் மாட்டினார். சித்திரை முடிவதற்குள் தகடு இல்லாத கூரையே இல்லை. வெயில் சரிவுக்குச் சரிவு பாய்ந்து பள்ளத்தில் குவிந்தது. நடுவிலிருந்த பள்ளிக்கூட முற்றத்தில் தார் உருகி ஓடியது. குளோரியின் வீட்டுக்குள்ளும் எதிர்ச்சரிவின் ஒளி பக்கவாட்டில் நுழைந்தது. அவளுடைய தகடோ சூரியனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. தேவசகாயம் மறுபடி துண்டைத் தேடினார்.

நகர மன்றம் அவசரமாகக் கூடியது.

"பள்ளத்துக்கு மேல பொதுவா ஒரே பந்தல் போட்டுடலாம். அது முடியிற வரைக்கும் எல்லாரும் தகட்டைக் கழட்டி வைக்கணும்," என்றார் மன்றத் தலைவி. "யாரு முதல்ல கழட்டுறீங்க?"

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லேன்னா பாறையை இன்னும் ஆழமாத் தோண்டி, எல்லாரும் கீழே குடிபோகணும்," என்றார் தலைவி.

கைதட்டலில் அரங்கு அதிர்ந்தது. குளோரி எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு கூசும். எங்களுக்கு மத்தவங்க எல்லாரையும் விட அடியில ஒரு வீடு ஒதுக்கிடுங்க," என்றாள். "வான்கண் மட்டும் கொஞ்சம் பெருசா வெச்சுக் குடுங்க."