ஒரு சிவப்புப் பொத்தான்

அன்று வீட்டின் நிலத்தடி அறையான பேஸ்மென்ட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மரியதாசன், அவர் மகள் றொஷினி, மரியதாசனின் அண்ணன் அருமைராசா, அண்ணி செல்வமலர், அவர்களின் மகன் டனிஸ்ரன். றொஷினியின் அம்மா றோஸ்மேரி வேலைக்குப் போயிருந்தார். விருந்தாளிகள் இன்னும் வரவில்லை. செல்வமலர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்; ரைஸ் குக்கரில் அரிசி வெந்துகொண்டிருந்தது.

டனிஸ்ரன் அன்று காலையில்தான் மாதா கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை அப்பம், வாங்கியிருந்தான். அருமைராசாவின் வீடு சின்னது. அதனால் விருந்து தம்பி வீட்டில். இடம் கொடுத்த தம்பிக்கு அவர் நன்றி சொல்லவில்லை. மூலையில் நின்ற உயரமான பெட்டியைக் காட்டிச் சிரித்தார்.

"மரியதாசன், இந்தக் குப்பையை எந்தத் தெருவிலை பொறுக்கினனி?"

அது ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி. அப்பா துறைமுக வேலை முடிந்து வந்த பிறகு, பனிக்காலம் முழுக்க அவரும் றொஷினியும் பலகை அறுத்துச் செய்தது. உள்ளே ஒரு பழைய கணினி இருந்தது.

"பொறுக்கேல்லை, பெரியப்பா. நாங்கள் செய்தனாங்கள்" என்றாள் றொஷினி.

"ஓகோ! கணினிக்கு ஒரு சுவிட்ச், திரைக்கு ஒண்டு, ஸ்பீக்கருக்கு ஒண்டு, மேலை லைற்றுக்கு ஒண்டு. எல்லாத்தையும் போட்டு முடிக்கவே ஆள் களைச்சுப்போவான்!"

"இல்லை. ஒரே ஒரு பொத்தான்தான்."

அது றொஷினியின் யோசனை. முன்னால் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கணினி விழிக்கும். கணினியின் பிளக், ஒரு நீளமான மல்டிபிளக்கின் நீலத் துளையில் செருகியிருக்கும். நீலத் துளையில் மின்சாரம் ஓடினால்தான் மற்றத் துளைகளுக்கும் மின்சாரம் போகும். ஆகவே, கணினி விழித்தால் எல்லாம் விழிக்கும். கணினி தூங்கினால் எல்லாம் தூங்கும்.

"எங்கை, போட்டுக் காட்டு பாப்பம்" என்றார் பெரியப்பா.

றொஷினி பெட்டிக்குக் கிட்டப் போனாள். அதன் மேல் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. யார் போட்டது? யோசிக்க நேரமில்லை. பொத்தானை அழுத்தினாள். விளையாட்டு தொடங்கியது.

"அக்கா, சூப்பர்!" என்று துள்ளினான் டனிஸ்ரன். அவனுடைய குட்டி விண்கலம் இரண்டு எதிரிகளைச் சுட்டது.

பின்னால் எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம். திரை, விளக்கு, சத்தம் எல்லாம் ஒன்றாக அணைந்தன. பொத்தானை எத்தனை தரம் அழுத்தியும் பயனில்லை.

"செத்துப்போச்சு!" என்றார் பெரியப்பா. அவர் குரலில் கவலை இல்லை. "ஊர்ச் சனம் வரேக்கை இதை ஒரு துணியாலை மூடிவிடு, தம்பி. எங்கடை குடும்பத்துக்கு வெக்கம்."

அப்பா தலை குனிந்தார்.

றொஷினி அந்த 'டக்' சத்தத்தை நினைத்துப் பார்த்தாள். அது ரைஸ் குக்கரின் சத்தம்! அவள் பெட்டிக்குப் பின்னால் தவழ்ந்து போனாள். நீலத் துளையில் குக்கரின் பிளக். கணினியின் பிளக் அடுத்த துளையில். அரிசி வேகும்வரை மின்சாரம் ஓடியது. வெந்ததும் குக்கர் ஓய்ந்தது, கூடவே பெட்டியும் ஓய்ந்தது.

பெரியம்மா செல்வமலர் அவளருகே குனிந்தார். "பிள்ளை, குக்கருக்கு வேறை இடம் கிடைக்கேல்லை. நான்தான் கழட்டி மாத்தினனான். அவரிட்டைச் சொல்லிப்போடாதை. சனத்துக்கு முன்னாலை என்னை ஏசுவார்."

வெங்காயம் மணக்கும் கையால் றொஷினியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சொன்னால் அப்பாவின் தலை நிமிரும். பெரியம்மாவின் தலை குனியும்.

"சோறு அவிஞ்சிட்டுது, பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள் றொஷினி. குக்கரின் பிளக்கைக் கழற்றினாள். கணினியின் பிளக்கை நீலத் துளையில் செருகினாள். முன்னால் வந்து பொத்தானை அழுத்தினாள். கணினி விழிக்கச் சில நொடி எடுக்கும்.

அதே நேரம் விருந்தாளிகள் படியிறங்கி வந்தார்கள். அவர்களைக் கண்ட பெரியப்பா பெட்டியின் பக்கத்தில் ஓங்கி ஒரு அடி போட்டார். எல்லாம் பளிச்சென்று எரிந்தன.

"பாத்தியளே? தட்டவேண்டிய இடத்திலை தட்டவேணும். தம்பிக்கு இது விளங்காது!"

வந்தவர்கள் கைதட்டினார்கள். றொஷினி பெட்டியை டனிஸ்ரனிடம் விட்டுவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

அப்பா அவள் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தார். "நீலத் துளையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்."

அவர் அந்தத் தூசியைத் தன் கையால் தட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில், மரியதாசன் வீட்டுப் பெட்டி குப்பையில் எடுத்தது என்றும், அருமைராசா அடித்தால்தான் ஓடும் என்றும் பேச்சு அடிபட்டது. இரண்டும் பொய். அதை ஒரு தகப்பனும் மகளும் செய்தார்கள். அது அடிக்கு ஓடுவதில்லை. சிவப்புப் பொத்தானை ஒருதரம் அழுத்தினால் போதும்.