மஞ்சள் புள்ளி நத்தைகள்

எங்கள் சித்தி பெரிய படிப்பு படிக்கிறார். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால், "நத்தை எண்ணுற படிப்பு" என்பார் அம்மா. உடனே சித்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஆராய்ச்சி, அக்கா! முனைவர் பட்ட ஆராய்ச்சி!"

"சரிடி, முனைவர் நத்தை!"

உண்மையைச் சொன்னால், சித்தி நத்தைதான் எண்ணினார். எங்கள் தெருமுனைப் பூங்காவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பழுப்பு நத்தைகள் உண்டு. பக்கத்து ஊர்களில் எல்லாம் அவை அழிந்துவிட்டன. இங்கே இன்னும் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் சித்தியின் வேலை.

எண்ணுவதற்கு அவை வரிசையில் வந்து நிற்குமா என்ன? இலைச்சருகுக்குள் புகுந்துகொள்ளும். அதற்கும் சித்தி ஒரு வழி வைத்திருந்தார்.

"முதல்ல கொஞ்சம் நத்தையைப் பிடிச்சு, ஓட்டுமேல ஒரு புள்ளி வெச்சு விட்டுடணும். சில நாள் கழிச்சு மறுபடி போய்ப் பிடிக்கணும். புள்ளி வெச்சதுங்களே திரும்பத் திரும்ப மாட்டினா, மொத்தமே கொஞ்சம்தான் இருக்குன்னு அர்த்தம்."

அம்மா வாங்கிவிட்டுப் போடாமலே வைத்திருந்த மஞ்சள் நகப்பூச்சுதான் புள்ளிக்குப் பயன்பட்டது. புள்ளி வைக்கும் சுவாரசியமான வேலையைச் சித்தி எடுத்துக்கொண்டார். நத்தையைப் பஞ்சால் துடைத்து, காயவைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. கொஞ்சம் சேறு இருந்தாலும், "மறுபடி துடை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு 'துடைப்புத் துறை அமைச்சர்' என்று பட்டம் வேறு!

என் தம்பியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவனுக்கு ஐந்து வயது. வீட்டில் பெயர் வாலு. "ஐயோ, வேண்டாம்" என்று சித்தி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் மழை விட்டிருந்தது. சனிக்கிழமை காலையில் மட்டும் லேசாகத் தூறியது. இதுதான் கடைசி மழை என்றார் சித்தி. வெயில் வந்துவிட்டால் நத்தைகள் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடுமாம். நாங்கள் வாளியோடு ஓடினோம். வாளி நிறைய நத்தைகளோடு திரும்பி, பின்கட்டில் உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் நத்தையின் மேல் மஞ்சள் புள்ளி. இரண்டாவதிலும் மஞ்சள் புள்ளி. அடுத்து, அதற்கடுத்து, எல்லாவற்றிலும்!

சித்தியின் முகம் சுருங்கிப் போனது. "எல்லாமே பழைய ஆளுங்களா? அப்படின்னா பூங்காவுல வேற நத்தையே இல்லையா?"

பாவம், இத்தனூண்டு நத்தைகள். வாளிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். மிளகு அளவே இருந்த குட்டி நத்தை. அதன் ஓட்டின் மேலும் மஞ்சள் புள்ளி!

"சித்தி, நாம குட்டிகளுக்குப் புள்ளியே வைக்கலையே?"

சித்தி குட்டியை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரோ விளையாடிட்டாங்க. எது நான் வெச்ச புள்ளி, எது அவங்க வெச்சதுன்னு எப்படித் தெரியும்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாப் போச்சே! இனி அடுத்த வருஷ மழைக்குத்தான்."

ஒரு வருஷம்! இரண்டு மாதமாகச் சித்தி சேற்றிலும் கொசுக்கடியிலும் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் "யாரோ" யாரென்று எனக்கு ஓரளவு தெரியும். நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

வாலு திருதிருவென்று விழித்தான். பத்து விரலும் மஞ்சள். மூக்கு நுனியும் மஞ்சள்.

நன்றாக நாலு திட்டுத் திட்டலாம் என்றுதான் வந்தேன். அவன் உதடு பிதுங்குவதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. நானும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனேன்.

"எப்படா வெச்சே?"

"நேத்து அப்பாகூடப் பூங்காவுக்குப் போனப்போ. அப்பா போன்ல பேசிட்டே நடந்தாரு."

அப்பா போனில் பேச ஆரம்பித்தால் யானையே குறுக்கே போனாலும் கவனிக்க மாட்டார்.

"ஏன்டா வெச்சே?"

"கொஞ்சம் நத்தைக்குத்தான் புள்ளி இருந்துச்சு. மத்ததெல்லாம் பாவமா பாத்துச்சுக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ்வளவுக்கும் நீ ஒருத்தனே வெச்சியா? எனக்குத் துடைச்சுத் துடைச்சே கை வலிச்சுதே!"

"எதுக்குத் துடைக்கணும்?" என்றான் வாலு. "நான் சும்மா தொட்டுத் தொட்டு வெச்சேன்."

நான் எழுந்த வேகத்தில் கட்டில் சட்டத்தில் தலை இடித்தது. வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவனையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"சித்தி! இவன் சேத்துமேலயே புள்ளி வெச்சிருக்கான்! சேறு போனா, கூடவே அதுவும் போயிடும்ல?"

சித்தி வாலுவை முறைத்தார். வாலு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். "தெரியாம வெச்சுட்டேன் சித்தி" என்று அங்கிருந்தே சொன்னான்.

சித்தி குட்டி நத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவனிடம், "போய் உன் பழைய பல் தேய்க்கிற பிரஷ் எடுத்துட்டு வா" என்றார்.

முதலில் குட்டி நத்தைகள். அவற்றின் புள்ளிகள் நிச்சயமாக வாலு வைத்தவைதானே! தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்ததும் சேற்றோடு சேர்ந்து உரிந்து வந்தன. அடுத்து, சித்தி தன் அறையில் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் நத்தைகள். முதல் நாளே துடைத்துப் புள்ளி வைத்துக் கொண்டுவந்தவை, வாலுவின் கை படாதவை. தேய் தேய் என்று தேய்த்தும் புள்ளி அசையவில்லை.

சித்தி என்னைக் கட்டிக்கொண்டார். "அமைச்சரே, பிழைச்சோம்!"

அப்புறம் மூன்று பேருமாக வாளியைக் காலி செய்தோம். தேய்க்கத் தேய்க்கப் புள்ளிகள் போய்க்கொண்டே இருந்தன. சில நத்தைகளில் மட்டும் நிலைத்து நின்றன. சித்தி தன் பேராசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. "ஒண்ணையும் மறைக்காம, நடந்ததை அப்படியே எழுதிடு" என்றாராம்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நிமிர்ந்தால், வாலு தேம்பிக்கொண்டிருந்தான்.

"அதுங்களுக்கு மறுபடியும் புள்ளி இல்லாமப் போச்சே!"

சித்தி அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "அடேய், புள்ளி இல்லாததுன்னா என்ன தெரியுமா? இவ்வளவு நாளா என் கண்ணுல மாட்டாமலே வாழ்ந்திருக்கு. இந்த மாதிரி இன்னும் எத்தனையோ பூங்காவுல இருக்கு. நான் பயந்த மாதிரி எதுவும் அழிஞ்சு போகல. புள்ளி இல்லாத ஒவ்வொண்ணும் நல்ல செய்திடா!"

வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தான். "இவ்வளவு நல்ல செய்தியா?"

சாயங்காலம் அவற்றைப் பூங்காவில் விடப் போனோம். சட்டென்று விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வாலு விட்டால்தானே! ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் எடுத்து, "நீ நல்ல செய்தி, போ" என்று காதோடு சொல்லித்தான் இறக்கிவிட்டான். நத்தைக்குக் காது கிடையாது என்று அவனிடம் சித்தியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.