எட்டாவது பட்டை

அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஆராய்ச்சிக்கூடத்தில் ரத்தம் சோதிக்கிற அக்கா. அவளுடைய புருஷன். குடையைக் கக்கத்தில் இடுக்கிய இன்ஸ்பெக்டர். வெள்ளைத் துணிக்கடியில் அக்காவின் தங்கை, வாண்டு.

மூச்சு விட்டவர்கள் மூன்று பேர்தான்.

"ரத்தப் புற்றுநோய். செத்துட்டாங்க. இதுல போலீஸ் எதுக்கும்மா?" இன்ஸ்பெக்டர் கொட்டாவியை விழுங்கினார்.

அக்கா ஒரு பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வரிசையாகக் கறுப்புப் பட்டைகள்.

"நம்ம உடம்புல புரதத்து மேல மீத்தைல்னு ஒரு குட்டி முத்திரை விழும் சார். எந்த ஜீன் தூங்கணும், எது முழிக்கணும்னு அதுதான் சொல்லும். இவளுக்கு அந்த முத்திரை குத்துற நொதிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. கண்டபடி குத்தித் தள்ளுச்சு!"

"சரி..."

"சோதனையில இருக்கிற புது மாத்திரை அந்த நொதியோட கையைக் கட்டிப்போடும். முழுங்கினா முத்திரை மறையும். பட்டை வெளுக்கும். ஒரு பட்டை ஒரு ஆளோட ரத்தம். ஏழாவது பட்டை இவளோடது. பாருங்க."

தார் மாதிரி கறுப்பு!

"பதினோரு வாரம் ஆஸ்பத்திரி குடுத்த மாத்திரை சார். ஒரு வேளை விடலை."

"அப்ப ஆஸ்பத்திரிக்காரன் டூப் மாத்திரை குடுத்துட்டான்!" புருஷன் துள்ளினான். "விடாதீங்க சார். வாண்டு எனக்குப் பொண்ணு மாதிரி..."

"மாத்திரை டப்பாவை யார் வாங்கிட்டு வருவாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான். வாராவாரம்."

"ஆஸ்பத்திரி மாத்திரை அசல்," என்றாள் அக்கா. "காலையில சோதிச்சாச்சு. இப்ப எட்டாவதைப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கினார்.

"ஒண்ணுமே இல்லையே!"

"நோயாளி ரத்தத்துக்குப் பக்கத்துல, ஒப்பிட்டுப் பாக்க, நோய் இல்லாத ஆளோட ரத்தம் வைக்கணும். அதுல முத்திரை அளவா இருக்கும். தானா மறையாது."

"யார் ரத்தம்?"

"வீட்லயே கிடைக்குதேன்னு... இவரோடது. கையை நீட்டுவாரு. எதுக்குன்னு கேட்டதே இல்லை."

புருஷன் பிலிமைப் பிடுங்கப் போனான்.

"சோதனைக் குழாய் இடம் மாறியிருக்கும்!"

"ரத்த குரூப் பாத்தேங்க. அவ ஓ. நீங்க பி. மூணு தடவை சோதிச்சேன்."

"மாத்திரையை வித்துட்டானா?" இன்ஸ்பெக்டர் குடையைக் கீழே வைத்தார்.

"வித்திருந்தா இவர் பட்டை ஏன் சார் வெளுக்கணும்? முழுங்கியிருக்காரு!"

புருஷன் அக்கா பக்கம் திரும்பினான்.

"எனக்கும் அதே நோய்டி! சோதனையில இடம் இல்லைன்னுட்டாங்க. உன்கிட்ட சொன்னா... நீ அவளுக்குத்தான் குடுத்திருப்பே!"

பதினாலு வருஷமாக 'என்னங்க' என்றவள் வாயிலிருந்து வேறு சொல் வந்தது.

"'மாமா கையால குடுத்தா கசக்கலைக்கா'ன்னு சொல்லுவாடா அவ. எப்படிடா கசக்கும்?"

சாயங்காலம். ஸ்டேஷன் லாக்கப்.

"என் மாத்திரை... ஒரு வேளை தவறினாலும் நோய் ஏறிடும்..." கம்பிக் கதவின் உள்ளே கால் வைத்தபடி கெஞ்சினான்.

அக்கா, அவன் மேசை டிராயரில் கிடந்த டப்பாவை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். வாண்டு பதினோரு வாரம் நம்பி முழுங்கிய சுண்ணாம்புச் சத்து மாத்திரை.

"வேளாவேளைக்குக் குடுங்க சார். கசக்காது."

கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.

மாத்திரைதான் போலி. பூட்டு அசல்!