நாற்பது ரூபாய் எடைக் கிண்ணம்

1964. ஞாயிறு காலை ஏழு மணி. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்துச் சின்ன மாதா கோயிலில் பூசை பாதியில் நின்றது. கிண்ணத்துத் திராட்சை ரசத்தைக் குடித்த சாமியார் கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிண்ணத்தின் அடியில் பச்சைக் களிம்பு. வெள்ளியில் ஏதய்யா களிம்பு? சுரண்டி, நைட்ரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டதும் பச்சையாய்ப் பொங்கியது. முலாம் பூசிய பித்தளை! வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு புண்ணியவான் கொடுத்த வெள்ளிக் கிண்ணம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

கிண்ணம் வைக்கும் அலமாரிச் சாவி, பூசைக்கு எடுத்துவைக்கும் கோயில்பிள்ளை டொமினிக்கிடம். அன்று மத்தியானமே அவனைப் போலீஸ் கொண்டுபோனது.

அவன் மனைவி அல்போன்சா அழவில்லை. அரிசி களைந்தாள், உலை வைத்தாள், அடுப்பு அணைந்ததைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்கு ஜெயில் என்றால் கோயில் கொடுத்த வீடும் போச்சு. அது தெரிந்தும் மனசு மரக்கட்டை மாதிரி கிடந்தது.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன் கோயிலுக்கு வந்தார். வக்கீலுக்கென்று சேலை முடிச்சில் பணத்தோடு கிளம்பிய அல்போன்சாவையும் உள்ளே கூப்பிட்டார். மெழுகு நிறுக்கும் தராசு மேசைமேல் இருந்தது. பக்கத்தில் வெளுத்த முகத்தோடு சாமியாரும், கோயில் பொருளாளர் ஓஸ்வால்டும்.

"கிண்ணம் கடைசியா எப்ப வெளிய போச்சு?"

"ரெண்டு மாசம் முன்னாடி, உள்பக்கம் தங்க முலாம் பூச. நான்தான் சிக்பேட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன்," என்றார் ஓஸ்வால்ட்.

"திரும்பி வந்தது அதே கிண்ணம்தான்னு எப்படித் தெரியும்?"

"நிறுத்துப் பாத்தோமே! நாப்பது ரூபா எடைன்னு ஊருக்கே தெரியும். சாமி முன்னாடி, டொமினிக் முன்னாடி, பாங்கில வாங்கின பளபளப்பு ரூபாயா நாப்பது வச்சேன். முள்ளு அசையலே."

"ஆமாம், சரியா இருந்தது," என்றார் சாமியார். "அதுக்கப்புறம் சாவி அவன்கிட்டதான். அதனாலதான் புகார் எழுதிக் கொடுத்தேன்."

ஆதிகேசவன் தாடையைச் சொறிந்தார். "இன்னொரு தடவை நிறுப்போம். ரூபாய்க் காசு யார்கிட்ட இருக்கு?"

அல்போன்சா முடிச்சை அவிழ்த்தாள். கல்யாணத்துக்கு அப்பன் கொடுத்த ராஜா தலை ரூபாய்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டார். முப்பத்தைந்தாவது காசு விழுந்ததும் கிண்ணம் மேலே போய்விட்டது.

"பாத்தீங்களா!" ஓஸ்வால்ட் துள்ளினார். "எடை குறைஞ்சிருக்கு! அன்னிக்கி வந்தது அசல். அப்புறம்தான் அந்தத் திருட்டுப்பய மாத்தியிருக்கான்!"

தானே புருஷன் தலையில் கல்லைப் போட்டுவிட்டோமோ என்று அல்போன்சா நினைத்தாள். அதற்கும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"பொறுங்க சார். சாமி, உண்டியல்ல புது ரூபாய் இருக்குமா?"

இருந்தது. எல்லாம் இரண்டு வருஷத்துக்குள் அடித்த காசு. தட்டைக் காலி செய்து அவற்றை வைத்தார். நாற்பது. முள் அசையாமல் நடுவில் நின்றது.

ஆதிகேசவன் குரலை உயர்த்தவில்லை. "அந்தக் காலத்து ரூபாய் ஒரு தோலா. பதினோரு கிராமுக்கும் மேல. இப்ப அடிக்கிறது பத்தே கிராம். அன்னிக்கி உங்க புதுக்காசு நாப்பது, இன்னிக்கும் நாப்பது. அப்ப நடுவுல யாரும் எதையும் மாத்தலே. வந்ததே போலி. அசல் வந்திருந்தா உங்க காசு இன்னும் ஆறேழு கேட்டிருக்கும்."

"அப்ப முலாம் பூசறவன்தான்..."

"கடைக்காரனுக்கு ரூபா எடைன்னா தோலா. அவன் போலி பண்ணியிருந்தா பழைய எடைக்குப் பண்ணியிருப்பான். நாப்பது ரூபான்னதும் பாங்குப் புதுக்காசை எடுத்து வச்சது நீங்க ஒருத்தர்தான். எடை சரியா இருந்ததுதான் சார் உங்களை மாட்டிவிட்டது."

கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அடித்தகட்டைக் கத்தியால் நெம்பினார். எடை சேர்க்க ஊற்றிய ஈயம் தெரிந்தது. ஓஸ்வால்ட் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"குதிரை ரேஸ்ல பணத்தை விட்டேன் சாமி. வெள்ளியை வித்துத்தான் கடனை அடைச்சேன்..."

சாயங்காலம் டொமினிக்கை விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அல்போன்சா நின்றிருந்தாள். மூன்று நாள் தாடி, கன்னத்தில் விரல் தடம். கிட்டே வந்தவன் முதலில் கேட்டது:

"சாமியாருக்கு வயிறு எப்படி இருக்கு?"

"அட பாவி மனுஷா!" என்று கத்தினாள். "உன்னை உள்ள தள்ளினதே அவருதானே! என்னைக் கேட்டியா? நான் சாப்பிட்டேனான்னு கேட்டியா?"

அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவிலேயே ஓவென்று அழுதாள். டொமினிக் திருதிருவென்று விழித்தான். "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.